கடற்பன்றிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடற்பன்றியும் டால்பினும் ஒன்றுதானே?

உறவுதான், ஆனால் குடும்பம் வேறு. டால்பினின் பல் கூம்பாகக் கூர்ந்திருக்கும். கடற்பன்றியின் பல் மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். முகத்தில் நீண்ட அலகும் கிடையாது.

நம் கடலில் உண்டா, ஐயா?

உண்டு. முதுகுத் துடுப்பே இல்லாத இனம். மண்டபம் பக்கம் கரையொதுங்கிய ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். துடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பொடிப்பொடி முடிச்சுகள். விரலை ஓட்டினால் சொரசொரத்தது. வாலடியில் வலை அறுத்த கோடு. இந்த விலங்கு படகைக் கண்டால் துள்ளி விளையாடாது, சத்தமின்றி மூழ்கிவிடும். அதனால்தான் கடலுக்குப் போகிறவர்களைத் தவிர நம்மில் பலருக்கு இப்படி ஓர் உயிர் இருப்பதே தெரியாது.

எதிரொலியால் வழியறியும் விலங்குக்கு வலை தெரியாதா?

மீன் தெரியும், மெல்லிய நைலான் இழை அவ்வளவாகத் தெரியாது. இழையில் பட்டுத் திரும்பும் ஒலி மிகவும் பலவீனமானது. உணரும்போது வலை மிக அருகில் இருக்கும். சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது, மூழ்கியே சாகும்.

மெக்சிகோவின் வாக்கிட்டா என்ற கடற்பன்றி அழிந்துவிட்டதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டுமே வாழும் இந்தக் கடற்பன்றி ஒன்றரை மீட்டர்தான் வளரும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், உதட்டிலும் மை தீட்டியது போன்ற கறுப்பு. 1997 கணக்கெடுப்பின்படி சுமார் 567 இருந்தன. 2024 ஆய்வில் கண்ணில் பட்டவை 6 முதல் 8 வரைதான்.

இதை யாரும் வேட்டையாடவில்லை. குறி டொட்டோவாபா என்ற மீன். நம் கூறல் மீனின் நெட்டிக்கு, அதாவது காற்றுப்பைக்கு, விலை இருப்பதுபோல, அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் பெரும் விலை. அதற்கு விரிக்கும் செவுள்வலையில் (மீனின் செவுள் சிக்கும்படி கடலில் நிறுத்தும் வலை) வாக்கிட்டா மாட்டிக்கொள்கிறது. 2017இல் செவுள்வலைக்கு நிரந்தரத் தடை வந்தும் திருட்டு மீன்பிடிப்பு ஓயவில்லை.

பிடித்துப் பாதுகாத்து வளர்க்கலாமே?

அதே 2017இல் முயன்றார்கள். முதலில் பிடித்த குட்டி மிரண்டு தவித்ததால் விட்டுவிட்டார்கள். அடுத்துப் பிடித்த பெண் விலங்கு சில மணி நேரத்தில் இறந்தது. திட்டத்தை அத்துடன் நிறுத்தியது சரியான முடிவு.

இத்தனை குறைந்தபின் நெருங்கிய உறவுக்குள் பெருகி நலியாதா?

பலரும் இதைச் சொல்லித்தான் கைகழுவுகிறார்கள். 2022இல் வெளியான மரபணு ஆய்வு வேறு சொல்கிறது: பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறு கூட்டமாக வாழ்ந்த இனம் என்பதால் தீய மரபுக்கூறுகள் குறைவு. 2023 ஆய்வில் குட்டியும் தென்பட்டது. வலை நின்றால் மீள வாய்ப்புண்டு.

வலையை நிறுத்தினால் மீனவர் வயிறு?

நியாயமான கேள்வி. தடைச் சட்டத்தோடு மாற்று வலையும் மாற்று வருமானமும் அந்தக் கரைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும். வாக்கிட்டா வாழும் கடலோரத்து மீனவ ஊரான சான் பெலிப்பேயின் குறையும் அவை சரியாக வரவில்லை என்பதுதான். சீனாவின் யாங்சி ஆற்றில் 2021 முதல் பத்தாண்டு மீன்பிடித் தடை போட்டார்கள், மீனவர்களுக்கு இழப்பீடும் தந்தார்கள். அங்குள்ள துடுப்பில்லாக் கடற்பன்றி 2017இல் 1,012, 2022இல் 1,249.