மூன்றாவது முறையாக மடிவீக்கம்: எந்த டானிக் கொடுக்கலாம்?

கேள்வி: செங்குன்றம் அருகே நான்கு கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பக்கத்து மனையில் ஆறு மாதமாக அடுக்குமாடிக் கட்டட வேலை நடப்பதால் மாடுகளை அவிழ்ப்பதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சிமெண்டுத் தரையிலேயே கட்டியிருக்கிறேன். கோமாரித் தடுப்பூசி தவறாமல் போட்டும் இரண்டு மாடுகளுக்கு மூன்றாவது முறையாக மடிவீக்கம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வந்து ஊசி போட்டால் மறுநாளே தீனி எடுக்கின்றன. பிறகு மீண்டும் வருகிறது. எதிர்ப்புச் சக்திக்கு எந்த டானிக் நல்லது?

பதில்: டானிக் எதுவும் வேண்டாம். கோமாரித் தடுப்பூசிக்கும், மடிக்குள் கிருமி புகுந்து வரும் மடிவீக்கத்துக்கும் தொடர்பில்லை. உங்கள் மாடுகள் நாளில் எத்தனை மணி நேரம் படுக்கின்றன என்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

கறவை மாடு நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரமாவது படுக்க வேண்டும். குட்டைக் கயிற்றில், ஈரச் சிமெண்டில், கட்டடத்துக்கு அடித்தளத் தூண் இறக்கும் பைலிங் இடிக்கு நடுவே அது நடவாது. பின்னங்கால் முட்டியில் முடி கொட்டித் தோல் தடித்திருக்கிறதா என்று பாருங்கள், தரையின் கடுமை அங்கே தெரியும். இவற்றோடு சென்னையின் புழுக்கமும் சேர்ந்து அழுத்தம் மாதக்கணக்கில் நீளும்போது, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பி விடும் கார்டிசோல் என்னும் ஹார்மோனால், கிருமியை விழுங்க வேண்டிய நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்ளும் திறன் குன்றி, மடிக்குள் இறங்க முடியாமல் ரத்தத்திலேயே சுற்றுகின்றன. எண்ணிக்கை போதாமல் அல்ல, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல்தான் மடி தோற்கிறது. இதற்கு எந்தப் புட்டியிலும் மருந்தில்லை. விற்பவருக்குக் கமிஷன் உண்டு.

அந்த ஊசியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மறுநாளே தீனி எடுக்க வைக்கும் பெயர் தெரியாத ஊசி டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டாக இருக்கலாம். அது கார்டிசோலின் வேலையையே பன்மடங்கு வலுவாகச் செய்வது; காய்ச்சலையும் வீக்கத்தையும் மறைத்துக் கிருமிக்கு வழிவிடும், சினையின் பின்மாதங்களில் கருக்கலைந்து கன்றையும் வீசச் செய்யும். மருத்துவர் அளந்து கொடுக்கும் தருணங்கள் உண்டு. மருந்தின் பெயரைச் சொல்லாதவரைக் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

தரையில் அரை அடி மணல் பரப்பி, கயிற்றை நீட்டி, கூரைமேல் தென்னங்கீற்றுப் போடுங்கள். மின்விசிறி இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம்தான் கூடும். கறந்தவுடன் காம்புத் துவாரம் திறந்திருக்குமாதலால், உடனே படுத்துத் தரையிலுள்ள கிருமி ஏறாதபடி தீவனம் வைத்து அரை மணி நேரம் நிற்க வையுங்கள். பால் மாதிரியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, கிருமி இன்னதென்று தெரிந்த பின்பே ஆன்டிபயாடிக் கொடுங்கள். இரவு 10 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் எந்த மாடு நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.