வார இறுதியில் பாரிஸ்

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கும் நாங்கள் 12 பேர் ஒரு சனி, ஞாயிறில் பாரிஸ் போய்வர நினைக்கிறோம். எல்லோருக்கும் வயது 22 முதல் 25 வரை. தனி விசா வேண்டுமா? செலவை எப்படிக் குறைப்பது?

பதில்: தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட்டும் ஜெர்மனியின் வசிப்பு அட்டையும் போதும். ஆனால் இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். செல்போனில் உள்ள படத்தை நம்பிப் புறப்பட்டால், வழியில் சோதனை நடக்கும்போது சிக்கல்தான்.

அதே அட்டைதான் செலவையும் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவர், ஆர்சே அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம். இலவசம்தானே என்று நேரே போய் நிற்காதீர்கள். லூவருக்கு இலவசச் சீட்டையும் நேரம் குறித்து இணையத்தில் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஈஃபிள் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை 674 படிகள். முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள், லிஃப்டைவிடக் கட்டணம் குறைவு. நோத்ர தாம் பேராலயத்துக்குள் செல்லக் கட்டணமே இல்லை.

மெட்ரோவில் நவிகோ என்ற பயண அட்டை ஒன்றையே இருவர் சேர்ந்து பயன்படுத்த முடியாது, ஆளுக்கொன்று வாங்குங்கள். 12 பேரும் ஒரே பெட்டியில் ஏற முயன்றால் பாதிப் பேர் நடைமேடையில் நிற்பார்கள். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, இறங்கும் நிலையத்தில் சேருங்கள்.

மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில் யாராவது மணிக்கட்டில் வண்ண நூல் கட்ட வந்தால் கைகளைப் பைக்குள் விட்டபடி நடந்துவிடுங்கள். முடிச்சு விழுந்த பிறகுதான் பணம் கேட்பார்கள்.