இனப் பாகுபாடு நிஜமாவே மனசை பாதிக்குமா? அதுலேர்ந்து மீண்டு வர முடியுமா?

பாதிக்கும், அதுவும் ரொம்ப சின்ன வயசுலயே. அமெரிக்காவுல 1940கள்ல கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ஒரு கறுப்பினத் தம்பதி, ரெண்டு பேருமே உளவியலாளர்கள், 3லேர்ந்து 7 வயசு வரைக்கும் இருக்கற கறுப்பினக் குழந்தைங்க முன்னாடி பொம்மைகளை வெச்சாங்க, எல்லாம் ஒரே மாதிரி பொம்மை, நிறம் மட்டும்தான் வேற. எது நல்ல பொம்மைன்னு கேட்டா நிறைய குழந்தைங்க வெள்ளை பொம்மையைத்தான் காட்டுச்சுங்க. அப்புறம் 'இதுல உன்னை மாதிரி இருக்கறது எது'ன்னு கேட்டப்போ சில குழந்தைங்க அழுதுட்டு ரூமை விட்டே ஓடிடுச்சுங்க. இதை முதல்ல படிச்சப்போ எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. 1954ல ஸ்கூல்ல நிறம் பார்த்து பிரிக்கறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன பிரவுன் வழக்குத் தீர்ப்புல கிளார்க்கோட ஆய்வையும் மேற்கோள் காட்டியிருக்காங்க.

பெரியவங்களானா அது வேற மாதிரி வரும். கடைக்குள்ள போனா பாக்கெட்ல கை விடாதே, பில்லை பத்திரமா கையிலயே வெச்சுக்கோ, இல்லேன்னா நீ திருடிட்டேன்னு சந்தேகப்படுவாங்கன்னு அங்க கறுப்பின அம்மாக்கள் பசங்களுக்கு சொல்லித்தான் அனுப்புவாங்க, இப்படி நாள் முழுக்க உஷாராவே இருந்தா தூக்கம் போகும், பிரஷர் ஏறும், பதட்டம், டிப்ரஷன் எல்லாம் வரும்.

மீள்றதுக்கு முதல் படி, நடந்ததுக்கு பேர் வெச்சு சொல்றது: 'இது பாகுபாடு, என் குறை இல்ல'. வீட்டுல தன் இனத்தோட வரலாறை பெருமையா கேட்டு வளர்ற பிள்ளைங்க இதை கொஞ்சம் நல்லா தாங்குறாங்க. அதே அனுபவம் உள்ளவங்களோட உக்காந்து பேசறது பெரிய ஆறுதல். கவுன்சிலிங் போனா, 'நீங்கதான் ஓவரா யோசிக்கறீங்க'ன்னு சொல்றவர்கிட்ட தயவுசெஞ்சு ரெண்டாவது தடவை போகாதீங்க, வேற ஆளைப் பாருங்க.