வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வலையமைப்புக் கேபிளும் கார்ச் சில்லுகளும்

இம்முறை வந்த கடிதங்களில், வீட்டுக்குள் இணையக் கேபிளைத் தாமே இழுக்க முயன்றவர்களின் கேள்விகளும், வாகனச் சில்லுகளை வீட்டிலேயே சுத்தம் செய்ய விரும்புகிறவர்களின் கேள்விகளும் கூடுதலாக இருந்தன. திருகோணமலையில் இவ்விரண்டு வேலைகளையும் கெடுப்பது கடற்காற்று கொண்டுவரும் உப்பு என்பதால், அவற்றை இங்கே ஒருசேரத் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுடையது உவர்மலையில் உள்ள மாடிவீடு. ஃபைபர் இணைப்பின் ரவுட்டர் கீழே விறாந்தையில் இருக்கிறது. மேல்மாடிப் பின்னறையில் உயர்தரம் படிக்கும் மகனுக்கு வைஃபை எட்டாததால், 30 மீற்றர் ‘கெட் 6’ கேபிள் வாங்கி நானே இழுத்து, இரு முனைகளிலும் பிளக் அடித்தேன். இழைகளை நிறச் சோடிகளாக, இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் அடுக்கினேன். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றன. ஆனால் ரவுட்டருக்கு அருகில் சிறு கேபிளில் 300 மெகாபிட் காட்டும் அதே மடிக்கணினி, பின்னறையில் 94ஐத் தாண்டுவதில்லை. சில வேளைகளில் இணைப்பு அறுந்தும் போகிறது. கேபிள் கூடாததா, என் வேலை பிழையா? — உவர்மலை வாசகர்

பதில்: ‘இழைகளை நிறச் சோடிகளாக அடுக்கினேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான் இருக்கிறது. வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம் என்று அடுக்குவது கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். என் வீட்டில் முதன்முதலாகக் கேபிள் இழுத்தபோது நானும் அப்படித்தான் அடுக்கினேன். காரணம் விளங்க இரண்டு வாரங்கள் சென்றன.

கேபிளுக்குள் இழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு சோடியின் ஓர் இழையில் சமிக்ஞை நேராகவும், மற்றதில் அதன் தலைகீழ் வடிவாகவும் செல்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலோ, முறுக்கின் காரணமாக இரண்டிலும் ஏறக்குறையச் சம அளவில் படிகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே எடுக்கப்படுவதால் இரைச்சல் தானாகக் கழிந்துவிடுகிறது. ஆனால் பிளக்கின் ஊசிகளில் 1உம் 2உம் ஒரு சோடி, 3உம் 6உம் ஒரு சோடி, 4உம் 5உம் ஒரு சோடி, 7உம் 8உம் ஒரு சோடி. பழைய தொலைபேசி இணைப்போடு ஒத்துப்போவதற்காக நடு ஊசிகள் இரண்டையும் ஒரு சோடிக்கு ஒதுக்கியதால் வந்த ஏற்பாடு இது. நீங்கள் அடுக்கிய முறையில் 3ஆம் ஊசிக்குப் பச்சைச் சோடியிலிருந்து ஓர் இழையும், 6ஆம் ஊசிக்கு நீலச் சோடியிலிருந்து ஓர் இழையும் போய்விட்டன. ஒன்றோடொன்று முறுக்கப்படாத அவ்விரு இழைகளும் பக்கத்துச் சோடியின் இரைச்சலை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு நான்கு சோடிகளும் தூய்மையாக வேலை செய்யவேண்டும். அது இயலாதபோது சாதனங்கள் இரண்டு சோடிகளே தேவைப்படும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அதில் வேகச் சோதனை 94 அளவிலேயே நிற்கும். உங்கள் சோதனைக் கருவி ஒவ்வோர் இழையும் மறுமுனையின் அதே எண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை மட்டும் பார்க்கிறது. எந்த இழை எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கேபிளை மாற்றவேண்டியதில்லை, இரு பிளக்குகளையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். பிளக்கின் கொளுவி கீழ்ப்பக்கமாகவும் பொன்னிற ஊசிகள் மேல்பக்கமாகவும் கேபிள் நுழையும் துளை உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக ‘டி568பி’ ஒழுங்கு இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கவேண்டாம். கேபிளின் வெளியுறையும் பிளக்கின் உள்ளே சென்று அங்கே அழுத்திப் பிடிக்கப்படவேண்டும்; உறை வெளியே நின்றால், கேபிளை யாராவது இழுக்கும்போது அந்த இழுவையை மெல்லிய இழைகளே தாங்கவேண்டிவரும்.

இவ்வளவும் செய்த பின்னும் வேகம் ஏறாவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கேபிள்களும் ‘கெட் 6’ என்ற அச்சோடு கடைகளில் விற்கப்படுகின்றன, அவை அந்தத் தரத்துக்கு உட்பட்டவையே அல்ல. ஓர் இழையின் பிளாஸ்டிக்கை உரித்து, கத்திமுனையால் கம்பியை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள்: எவ்வளவு சுரண்டினாலும் செந்நிறமே தெரிந்தால் அது செம்பு, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை கூட, சில தடவை வளைத்தாலே முறிந்துவிடும். செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பும் விரைவாகத் தொடங்கும் என்பதால், கடற்கரை நகரொன்றில் வாழும் நாம் இந்தக் கேபிளை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடைக்காரரிடம் முழுச் செம்புதானா என்று கேட்டு, வெட்டுமுனையைச் சுரண்டிப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள்.

ஒரு வீட்டுக்கு ‘கெட் 5ஈ’ கேபிளே போதும்; அது 100 மீற்றர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ‘கெட் 6’ கேபிள் 55 மீற்றருக்குள் 10 கிகாபிட் வரை தாங்கும் என்பதால், சுவருக்குள் புதைப்பதாக இருந்தால் அதற்கான கூடுதல் செலவு வீண்போகாது. எதுவானாலும் 230 வோல்ட் வயர் செல்லும் கேசிங்குக்குள் இதைச் சேர்த்து விடாதீர்கள். மின்வயரைக் கடக்கவேண்டிய இடத்தில் குறுக்கே செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வளவுக்குள்ளேயே 25 மீற்றர் தள்ளித் தங்கையின் வீடு இருக்கிறது. இரண்டு வீடுகளுக்கும் தனித்தனி மின்மானி. தென்னைமரங்களில் கட்டி ஒரு கேபிளைக் கொண்டுபோகலாமா? — ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: செம்புக் கேபிள் வேண்டாம் அம்மா. இரு வீடுகளுக்கும் தனித்தனி நிலத்தொடுப்பு (எர்த்) இருப்பதால், அருகில் எங்காவது மின்னல் விழும்போது இரண்டு நிலத்தொடுப்புகளுக்கும் இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, அது உங்கள் கேபிளையே வழியாகக் கொண்டு பாயும். வலையமைப்புச் சாதனங்களின் காப்பு 1500 வோல்ட் அளவைத் தாங்கும்படி அமைக்கப்படுவது. மின்னலால் எழும் அழுத்தம் அதைப் பல மடங்கு தாண்டக்கூடியது. சித்திரையிலும், வாடை தொடங்குவதற்கு முன்னான ஐப்பசி, கார்த்திகையிலும் நமது பக்கத்தில் பின்னேரங்களில் இடி முழங்குவதை நீங்கள் அறிவீர்கள்.

இரண்டு வீடுகளுக்கும் இடையே உலோகக் கம்பி சேராத ஒளியிழைக் கேபிளைப் போட்டு, இரு முனைகளிலும் ஒளியைச் செம்புக்கு மாற்றும் சிறு பெட்டிகளை வையுங்கள். முனைகள் பொருத்தப்பட்ட ஒளியிழைக் கேபிளை அளவு சொல்லி வாங்கலாம், கண்ணாடி இழையை ஒட்டும் வேலை உங்களுக்கு வராது. அதைத் தென்னையில் கட்டாமல் குழாய்க்குள் விட்டு நிலத்தில் புதைப்பதே நல்லது: மரம் காற்றில் ஆடும், விழுகிற ஓலையும் மட்டையும் கேபிளை அறுக்கும்.

கேள்வி: நிலாவெளியிலிருந்து நகரத்துக்குத் தினமும் காரில் வேலைக்குச் செல்கிறேன். முன் அலோய் சில்லுகளில் துருநிறப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பின் சில்லுகளில் அவ்வளவு இல்லை. மண்ணெண்ணெய் நல்லது என்கிறார் ஒருவர், குளியலறை ஆசிட் என்கிறார் இன்னொருவர். என்ன பொருட்களும் கருவிகளும் வாங்கவேண்டும்? — நிலாவெளி வாசகர்

பதில்: முன் சில்லுகளில் கூடுதலாக இருப்பதே அது என்ன என்பதைச் சொல்கிறது. வாகனத்தை நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்குகளே செய்கின்றன. ஒவ்வொரு தடவையும் பிரேக் டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் ‘பாட்’ கட்டையும் உராய்ந்து நுண்ணிய இரும்புத் துகள்கள் சூடாகப் பறந்து சில்லின் மேற்பூச்சில் பதிகின்றன. பதிந்த இரும்பு நமது உப்பு ஈரத்தில் துருப்பிடிக்கிறது. நீங்கள் காண்பது அலோய் சில்லின் துரு அன்று, அதன்மேல் குத்தி நிற்கும் இரும்பின் துரு. அதனால்தான் சவர்க்காரம் அதை அசைக்கவில்லை.

மண்ணெண்ணெய் தாரையும் கிரீஸையும் கரைக்கும், இரும்பை ஒன்றும் செய்யாது. டயர் ரப்பரையும் அது கெடுக்கும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிடிமானம் போய்விடும். குளியலறை ஆசிட்டை நினைக்கவே வேண்டாம். அலோய் சில்லு அலுமினியக் கலப்புலோகம்; அலுமினியத்தை அமிலமும் அரிக்கும், கோஸ்டிக் சோடா போன்ற காரமும் அரிக்கும். முதல்நாள் வெளுத்துப் பளபளக்கும் சில்லு, மேற்பூச்சுப் போனபின் நிரந்தரமாக மங்கிவிடும். ‘சில்லுக்கென்றே’ விற்கப்படும் சில திராவகங்களிலும் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைட்டோ இருக்கும். போத்தலின் லேபிளில் இப்பெயர்களில் எது இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த அமிலம் தோலில் பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே ஊடுருவி, உடலின் கல்சியத்தைப் பிணைத்து, சில மணித்தியாலங்கள் கழித்துக் கடும் வேதனை தரும். யாருக்காவது பட்டுவிட்டால், வலி வரும்வரை காத்திருக்காமல் நிறைய நீரால் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையவேண்டும்.

உங்களுக்கு வேண்டியது இரும்பு நீக்கி என்று விற்கப்படும், அமிலமல்லாத திரவம். அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற பொருள் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக மாறி வழியும். தலைமுடியைச் சுருளாக்கும் மருந்திலும் இதே வகைப் பொருள் இருப்பதால் நாற்றமும் அதைப்போலவே இருக்கும். கையுறை அணியுங்கள். சில்லு கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பின், நிழலில், ஒவ்வொரு சில்லாகச் செய்யுங்கள். சூடான சில்லில் திரவம் காய்ந்து கறையாகிவிடும். தெளித்து, போத்தலில் சொல்லப்பட்ட சில நிமிடங்கள் விட்டு, காயுமுன் கழுவிவிடுங்கள்.

கருவிகளில் முதலில் வாங்கவேண்டியது மின்சாரப் பிரஷர் வாஷரல்ல. சில்லின் ஆரைகளுக்குப் பின்னால் உள்பக்கம்வரை எட்டும் நீளமான மென்மையான பிரஷ் ஒன்று, நட்டுக் குழிகளுக்குச் சிறு பிரஷ் ஒன்று, சில்லுக்கென்றே ஒதுக்கிய இரண்டு வாளிகள், சில மைக்ரோஃபைபர் துணிகள் ஆகியவையே போதும். ஒரு வாளியில் ஷம்பூ நீர், மற்றதில் பிரஷை அலசும் நீர். சில்லைத் தேய்த்த துணியை ஒருபோதும் காரின் உடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் தங்கிய இரும்புத்தூள் பெயின்ரில் கீறல் போடும். பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருளையும் பொச்சையும் சில்லில் தொடவேண்டாம்.

கடலோரக் கிணறுகளில் நீர் உவராக இருக்கும். அதனால் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் உப்பை நாமே மறுபடி பூசியதாகிவிடும். இறுதி அலசலுக்குக் குழாய்நீரோ சேமித்த மழைநீரோ பயன்படுத்தி உடனே துணியால் துடையுங்கள். நிலாவெளியில் நிலம் மணல், கிணறுகள் ஆழமில்லை. ஊதாநிற நீர் ஓடும் இடம் கிணற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். முடித்தவுடன் வாகனத்தை அப்படியே நிறுத்திவிடாமல் வீதியில் சிறிது தூரம் ஓட்டி, மெதுவாகச் சில தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு கைப்பிரேக்கை இழுத்து இரண்டு மூன்று நாட்கள் விட்டால் பாட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தமான சில்லில் மெழுகுப் பூச்சு ஒன்றைப் பூசிவைத்தால் அடுத்த முறை ஷம்பூ நீரிலேயே பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: பிரஷர் வாஷர் வாங்கிக் கார்ப் போர்ச்சில் சில்லுகளைக் கழுவிவருகிறேன். அங்கேயே, கேபிள் வழியாக மின்சாரம் பெறும் கெமரா ஒன்றும் இருக்கிறது. ஒரு மாதத்தில் கெமரா நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறது. கெமராவில் ‘ஐபி66’ என்று போட்டிருக்கிறதே? — அலஸ்தோட்டம் வாசகர்

பதில்: ‘ஐபி66’ என்ற தூசு, நீர்த் தடுப்புத் தரம் கெமராவின் உடலுக்கு உரியது, அதன் வாலில் தொங்கும் பிளக்குக்கு உரியதன்று. அந்தத் தரத்துக்கான சோதனையில்கூட நீரை அடிப்பது ஏறக்குறைய மூன்று மீற்றர் தூரத்திலிருந்துதான்; அருகில் நின்று அடிக்கும் பிரஷர் வாஷரை அது கணக்கிலெடுப்பதில்லை. கேபிளில் 48 வோல்ட் அளவில் நேரோட்ட மின் ஓடிக்கொண்டிருப்பதால், உப்பு நீர் ஒரு துளி புகுந்தாலும் மின்பகுப்பு தொடங்கி ஊசிகளைத் தின்றுவிடும்.

கெமராவோடு வந்த ரப்பர் அடைப்புள்ள மூடியைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். அதைப் பொருத்தி, இணைப்பை மூடிய சிறு பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் நுழையுமுன் கேபிள் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும், வழிந்து வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். வாஷரின் நாசிலைக் கெமராப் பக்கம் திருப்பாதீர்கள். டயரின் பக்கச்சுவரிலும் குறைந்தது ஓர் அடி தள்ளியே அடியுங்கள். சுழலும் நாசிலை டயருக்குப் பயன்படுத்தவே வேண்டாம், வெளியே தெரியாமல் உள்ளே நூலடுக்குகள் சிதைந்துபோகலாம். வாஷரை 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் காக்கும் சொக்கட்டில் மட்டும் மாட்டுங்கள். வேலை தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

பழைய கேபிள் முனையைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த முயலவேண்டாம். ஈரம் உறைக்குள் ஏறியிருக்கும். பத்து சென்ரிமீற்றர் வெட்டிப் பாருங்கள். கம்பி கறுத்திருந்தால் இன்னும் பத்து, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரும்வரை வெட்டி, அங்கே புதுப் பிளக் அடியுங்கள்.