நெப்போலியன் காலப் போர் விளையாட்டில் பிரான்ஸின் கை ஓங்கியிருக்கிறதே, விதியை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, உங்களுக்கு ஆஸ்திரியா வாய்த்திருக்கிறது. 1805 முடிவதற்குள் வியன்னாவும் கைவிட்டுப் போயிருக்கும். நானும் அந்த அடியை வாங்கியவன்தான்.

நாங்கள் ஆடுவது 1983இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ‘எம்பயர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ என்ற பலகை விளையாட்டு. ஏழு வல்லரசுகள், ஒரு சுற்று ஒரு மாதம், 1805இல் தொடங்கி 1815 வரை. நீங்கள் ஆடுவது வேறு பெட்டியாக இருந்தாலும் புலம்பல் ஒன்றாகத்தான் இருக்கும். இதில் பிரான்ஸ் தரைப்படையை எப்போது நகர்த்துவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். ஒரு மாதம் கடைசியாக நகர்ந்து, அடுத்த மாதம் முதலாவதாக நகர்ந்தால், நடுவில் யாரும் மூச்சுவிட முடியாது. முதல் ஆட்டத்தில் என் ஆஸ்திரிய ஜெனரல் மாக், ஜெர்மனியின் உல்ம் நகரில் சிக்கியது இப்படித்தான். நிஜ மாக்கும் 1805 அக்டோபரில் அங்கேதான் சரணடைந்தார் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

அடுத்த ஆட்டத்தில் சண்டை போட்டு எங்களுக்குள் மட்டும் செல்லும் ஒரு வீட்டுவிதி கொண்டுவந்தேன்: பிரான்ஸ் அடுத்தடுத்து இருமுறை நகரக் கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்றரை ஆண்டுச் சுற்றுகளில் பிரான்ஸைப் பிய்த்து எறிந்துவிட்டோம். அதன் பிறகுதான் வினை. கடல் முழுக்க பிரிட்டன் கையில்; அதை எதிர்க்கக்கூடிய ஒரே ஆளை நாங்களே படுக்கவைத்துவிட்டோம். பிரிட்டன் சும்மா உட்கார்ந்து புள்ளி சேர்த்தது. பிரான்ஸ் ஆடிய நண்பர் வருவதையே நிறுத்திவிட்டார். ஐந்தாறு பேர் ஒருவரைச் சூழும் ஆட்டத்தில் அந்த ஒருவருக்குக் கொடுத்த ஆயுதம் அந்த இரட்டை நகர்வு, பிடுங்கியவன் நான்.

இதைச் சொன்னால் ‘உனக்கு ஆடத் தெரியவில்லை’ என்று சிலர் வருவார்கள். வரட்டும். மூன்றே ஆட்டம் ஆடியவன்தான், ஆனால் மூன்றிலும் பாதியில் எழுந்து போகவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் பொது அறையில்தான் ஆடிக்கொண்டிருந்தோம். மேசையில் பகடையைப் பார்த்துவிட்டு, சூதாட்டம் நடக்கிறது என்று சங்கத்தில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்துக் காட்டியும் பயனில்லை. அதே அறையில் ஞாயிறுதோறும் காசு வைத்துச் சீட்டு நடக்கிறது, அது மட்டும் பொழுதுபோக்காம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விதியில் கை வைப்பதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள். ஏழு நாட்டுக்கு நான்கு பேர் என்றால் கோளாறு காலி நாற்காலியில் இருக்கிறது. தொடக்கத்தில் நாடுகளை வெற்றிப் புள்ளி ஏலத்தில் எடுக்கிறீர்களா? பிரான்ஸ் வேண்டும் என்பவர், வெல்வதற்குக் கூடுதல் புள்ளி சேர்க்க வேண்டிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளட்டும். சமநிலைக்கு என்று விதியிலேயே வைத்த இடம் அதுதான். எல்லையில் முறுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். பின்வாங்குங்கள், துரத்திவரும் படைக்கான உணவுக் கிடங்குக்கு பிரான்ஸ்காரர் காசு கரையட்டும், இல்லையேல் பட்டினியில் ஆள் கரையட்டும். உங்கள் ஆஸ்திரியத் தளபதி சார்லஸ் கோமகனின் படை உடைவதற்குள் நிபந்தனைச் சமாதானம் (முழுச் சரணாகதி அல்லாதது) கேட்டுவிடுங்கள். கெட்டுப்போன பிறகு கேட்டால் நிபந்தனை எல்லாம் அவருடையதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, பிரஷ்யாவைப் பாருங்கள். 1805இல் நெப்போலியனுக்கு இறுதி எச்சரிக்கை கொடுக்கப் போன பிரஷ்ய அமைச்சர் ஹவுக்விட்ஸ், டிசம்பர் 2இல் ஆஸ்டர்லிட்ஸ் சண்டையில் நெப்போலியன் வென்றதும், இரண்டே வாரத்தில் ஹனோவர் என்ற ஜெர்மன் நாட்டை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த அக்டோபரில் யேனா சண்டையில் அதே நெப்போலியனிடம் பிரஷ்யப் படையே நொறுங்கியது. எங்கள் முதல் ஆட்டத்தில் பிரஷ்யா ஆடியவரும் ‘அடுத்த மாதம் வருகிறேன்’ என்று ஐந்து மாதம் சொன்னார். அவர்மேல் போக வேண்டிய கோபத்தைத்தான் நான் விதிப்புத்தகத்தின் மேல் காட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் புது ஆட்டம் தொடங்குகிறோம், பழைய விதிப்படியே. ஏலத்தில் நான் பிரஷ்யா கேட்டிருக்கிறேன். அந்தப் பழைய பிரஷ்யாக்காரருக்கு ஆஸ்திரியா.