அபராதத்தைக் கட்டாவிட்டால் வீடு போகுமா?

"அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கம் போட்ட அபராதத்தைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும், வீட்டையே எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருப்பின் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சங்கத்திடமிருந்து, புல் வளர்ந்ததற்கோ குப்பைத் தொட்டி வெளியில் நின்றதற்கோ கடிதம் வந்திருக்கும். "என் வீட்டைப் பற்றிக் கேட்க இவர்கள் யார்?" என்ற கோபத்தில் அதைச் சமையல் மேடையில் போட்டு வைத்திருப்பீர்கள். அதே கோபத்தில் பத்து மாதம் இருந்தவன் நான்.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே. இங்கே வெறும் அபராதத்துக்காக வீட்டை ஏலம் விட முடியாது. அந்த அபராதத்தைச் சார்ந்த வக்கீல் கட்டணத்துக்காகவும் முடியாது. மாநிலச் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயம் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் "கட்டாதீர்கள், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள். நம்பினேன். மீதிச் சட்டத்தை யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதம், திருநெல்வேலியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. குடும்பத்தோடு கிளம்பிப் போய் ஏழு வாரம் அங்கேயே இருந்தோம். திரும்பி வந்தபோது ஸ்பிரிங்க்ளர் வால்வு பழுதாகி, முன்புறப் புல்தரை வைக்கோலாகக் கிடந்தது. நடைபாதை ஓரம் முழங்கால் உயரத்துக்குக் களை. தபால் பெட்டியில் சங்கத்தின் கடிதங்கள். ஒன்றில் என் வீட்டு வாசலின் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. படத்தின் கீழே அச்சாகியிருந்த தேதி, அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாள். அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. பதிவுத் தபால் ஒன்று வந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போயிருந்தது.

அபராதம் 350 டாலர். கட்டமாட்டேன் என்று முடிவு செய்தேன். விதியை மதிக்காதவனுக்கு இது வேண்டியதுதான் என்று சிலர் பின்னூட்டம் போடுவார்கள், தெரியும். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை.

நான் செய்த உண்மையான தவறு ஜனவரியில் நடந்தது. அநியாயத்தைச் சரிசெய்த பிறகு கட்டலாம் என்று, சங்கத்துக்குக் கட்ட வேண்டிய 820 டாலர் ஆண்டுச் சந்தாவையும் நிறுத்தி வைத்தேன். இதை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள். அபராதம் வேறு, சந்தா வேறு. சந்தா பாக்கிக்காக இங்கே வீடு ஏலத்துக்குப் போகும். பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவில் 2009இல் அது நடந்தது. ஈராக்கில் பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவரின் வீடு, கடன் எதுவும் இல்லாத, சுமார் 3 லட்சம் டாலர் பெறுமான வீடு, ஏறக்குறைய 800 டாலர் சந்தா பாக்கிக்காக 3,500 டாலருக்கு ஏலம் போனது. வழக்குப் போட்டுத்தான் அதை மீட்டார்கள். ஏலத்துக்குப் பிறகும் மீட்டுக்கொள்ள 180 நாள் அவகாசத்தைச் சட்டம் தருகிறது. ஆனால் அதற்குள் வக்கீல் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மே மாதம் குடியிருப்பின் நீச்சல் குளத்தைத் திறந்தார்கள். மகள் கதவில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினாள். மறுபடியும் சிவப்பு. உள்ளே அவள் தோழிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கார்டு பழசாகிவிட்டது போல, அப்பா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் வீட்டுக் கடனை மாற்றப் போனபோதுதான், சங்கம் வீட்டின் மேல் லீன் பதிவு செய்திருப்பது தெரிந்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், வில்லங்கம். அபராதம், சந்தா, அவற்றின் மேல் வக்கீல் கட்டணமும் தபால் செலவும் 1,485 டாலர். மொத்தம் 2,655 டாலரைக் கட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரரும் தமிழர். சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனோம். ஏழு வாரமும் அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டுதான் காரை எடுத்திருக்கிறார். "மருத்துவமனையில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்" என்றார். ஒரு குறுஞ்செய்தியில் என்ன தொந்தரவு? நவம்பரில் அப்பா தவறியபோது துக்கம் கேட்கவும் அவர் வரவில்லை. பத்துப் பொங்கல் சேர்ந்து வைத்த வீடு அது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் அல்ல. சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃப்ளோரிடாவில் 1,000 டாலருக்குக் குறைந்த அபராதம் லீனாக முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜூலையிலிருந்து, பாதுகாப்பு, சுகாதாரம் சார்ந்தவை தவிர மற்ற மீறல்களுக்கு 100 டாலருக்கு மேல் போட முடியாது. டெக்சஸ் என்றால் கடிதத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள், நிர்வாகக் குழு முன் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். என் 30 நாளும் மருத்துவமனை வராந்தாவிலேயே கழிந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் நாள் இருந்தால் இன்றே எழுதுங்கள். சந்தாவைத் தனியாகக் கட்டிவிடுங்கள். தவணைத் திட்டத்தில் இல்லாதவர் கட்டும் பணத்தை முதலில் சந்தா பாக்கிக்குத்தான் வரவு வைக்க வேண்டும், அபராதம் அந்த வரிசையில் கடைசிப் பக்கம் வருகிறது. சந்தாவை மொத்தமாகக் கட்ட முடியவில்லையா, தவணை கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் குறைந்தது மூன்று மாதத் தவணையாவது தர வேண்டும்.

ஏற்கெனவே லீன் பதிவாகியிருந்தால், பணம் கட்டிய ரசீதோடு வந்துவிடாதீர்கள். லீன் நீக்கப் பத்திரம் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போல) அலுவலகத்தில் பதிவான நகலைக் கேட்டு வாங்குங்கள். நான் நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் அது என் கைக்கு வந்தது, கடன் மாற்றும் வாய்ப்பு அதற்குள் போய்விட்டது.