ஒமேகாவுக்குள் ஒரு வெள்ளை பிரிட்ஜ்

கேள்வி: சென்னையில் பழைய கடிகாரங்கள் விற்கும் கடையில் 1960களின் ஒமேகா கைக்கடிகாரம் ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘உள்ளே எல்லாம் ஒரிஜினல்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து எங்கள் ஊர் வாட்ச் ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்தால், மெஷின் செம்பு நிறம், ஒரு பிரிட்ஜ் (சக்கரங்களைப் பிடித்து நிறுத்தும் தகடு) மட்டும் வெள்ளை. ‘பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் கடைக்காரர். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், கோவை

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. முதலில் ஒன்று: அந்த பிரிட்ஜை மாற்றவோ முலாம் பூசவோ யாரையும் விடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

அந்தக் காலத்து ஒமேகா மெஷின்களின் தகடுகளுக்குச் செம்பு நிற முலாம் பூசுவார்கள். நடுவில் ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால், வேறொரு மெஷினிலிருந்து கழற்றி மாட்டியதோ என்று சந்தேகிப்பது நியாயம். ஆனால் திருகு, ஸ்பிரிங் போன்ற எஃகுப் பாகங்கள் இயல்பிலேயே வெள்ளை. அவற்றையும் புகாரில் சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். ஈரம் பட்டாலும் முலாம் நிறம் மாறும். அதனால் கேலிபர் எண் (மெஷினின் மாடல் எண்), வரிசை எண், எந்த பிரிட்ஜ், அது மாற்றப்பட்டது என்று அவர் நினைக்கக் காரணம் என்ன என்பதையெல்லாம் ரிப்பேர்காரரிடம் படங்களோடு பிரமாணப் பத்திரமாக வாங்குங்கள். நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் விசாரிக்கும்.

வெறும் ‘பழைய ஒமேகா, ஓடுகிறது’ என்று சொல்லி விற்றிருந்தால் இந்த வழக்கை எடுக்கவே யோசிப்பேன். ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று எழுதிவிட்டாரே! 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 15 சொல்வது இதுதான்: விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும். பொய்யான விவரிப்பு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகமும் ஆகும்.

கடிகாரத்தை ஏற்க மறுப்பதாகவும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். சும்மா வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அப்புறம் நஷ்ட ஈடு கேட்கலாமே தவிர, திருப்பிக் கொடுக்க முடியாமல் போகலாம். பதில் வராவிட்டால் கோவை மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அச்சுப் பிரதியோடு மின்னணு ஆவணச் சான்றிதழும் (அச்சிட்டது போனில் இருப்பதேதான் என்ற உறுதி) இணைப்பது பாதுகாப்பு.

மறுவிற்பனைக்காக வாங்கியிருந்தால் மட்டும் நீங்கள் ‘நுகர்வோர்’ ஆக மாட்டீர்கள். அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.